எண்பது கிராம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு உடம்பு பெருத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்டதில்லை. தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளுகிற வேலை. அதற்கு நூறு கிலோ இருந்தால் என்ன, நூற்றிருபது இருந்தால் என்ன? கூட வேலை செய்கிறவர்கள் அவனை மலை என்று கூப்பிட்டார்கள். அவனும் அதைப் பட்டம் வாங்கியவன் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தான்.

புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரிதான் அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டார். கூண்டுக்குள் யாராவது மயங்கி விழுந்தால் கட்டி இறக்குவதற்கு ஒரு வார்ப்பட்டை உண்டு. நூறு கிலோ வரைதான் தாங்கும் என்று அந்தப் பட்டையிலேயே அச்சடித்திருந்தது. இத்தனை வருஷம் ஒருவர் கண்ணிலும் படாத எழுத்து அவர் கண்ணில் பட்டுவிட்டது. பத்து வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் நூற்றுக்குக் கீழே வராத ஓட்டுநர் கூண்டை விட்டு இறங்கி, வெயிலில் கொக்கி மாட்டுகிறவர்களோடு நிற்க வேண்டியதுதான்.

அன்றைக்கு மலையின் எடை நூற்றுப் பன்னிரண்டு.

வீட்டில் வந்து சொன்னபோது அவன் மனைவி பதறவில்லை. அவள் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிரிக்கிறவள். பிசைந்த மாவிலிருந்து ஒரு ரொட்டிக்கு வேண்டியதை வெட்டி எடுத்து, உருட்டி, தட்டில் வைக்க வேண்டும். நானூற்றைம்பது கிராம் என்றால் அவள் கையில் வருவது நானூற்றைம்பதுதான். பக்கத்தில் எடை மெஷின் ஒன்று இருந்தது. அதை மற்றவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அவளுக்கு அங்கே பெயரே தராசு அக்கா. அப்படிப்பட்டவளிடம் போய் எடையைப் பற்றிக் கவலைப்பட்டால் அவளுக்குச் சிரிப்பு வராதா?

"பன்னெண்டு கிலோதானே? என்கிட்ட விடுங்க. இனிமே உங்க வாய்க்குள்ள போறது எல்லாம் என் கணக்கு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்படி அவள் ஆட்சிக்குள் வந்தது. ஒரு பாத்திரத்தில் தோல் நீக்கிய கோழி வெந்தது. இன்னொன்றில் சிவப்பரிசிச் சோறு. பீன்ஸும் கேரட்டும் ஆவியில். மேஜை மேல் பன்னிரண்டு டப்பாக்கள் வரிசையாக நின்றன, ஆறு நீல மூடி, ஆறு வெள்ளை மூடி. சோறு நூற்றெண்பது கிராம், கோழி நூற்றைம்பது, காய் இருநூறு. ஒவ்வொன்றையும் கையால் அள்ளிப் போட்டு, பிறகு மெஷினில் வைத்து, சரியாக இருப்பதைப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள். முதல் மூன்று நாளைக்கு உள்ளது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். மீதி மேலே, உறைகிற பெட்டியில். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதினாள். இரவுக்கும் தட்டில் இதே அளவு, காலையில் இரண்டு முட்டையும் ஓர் ஆப்பிளும்.

"நீலம் எனக்குன்னா, வெள்ளை யாருக்கு?" என்று கேட்டான் மலை.

"எனக்குத்தான். நீங்க வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க, நான் எதிர்ல உக்காந்து மொசுக்கு மொசுக்குன்னு தின்னவா? எனக்கு இறங்காது. ரெண்டு பேரும் ஒரே அளவு. முடிஞ்சுது பேச்சு."

ஐம்பத்தெட்டு கிலோ இருக்கிற பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தன் மேல் ஒருத்தி இவ்வளவு அக்கறையாக இருக்கிறாளே என்று சுகமாக இருந்தது அவனுக்கு. சுகமாக இருக்கும்போது எந்தப் புருஷன் கேள்வி கேட்டான்?

திங்கட்கிழமை மதியம் கேன்டீன் மேஜையில் நீல மூடியைத் திறந்தான். கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிறவனுக்கு மீசை என்று பெயர். மூக்குக்குக் கீழே அவ்வளவு முடியை வைத்துக்கொண்டு அடுத்தவன் தட்டில்தான் அவனுக்குக் கண். எட்டிப் பார்த்தான்.

"என்னடா மலை, ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களா? சொல்லவே இல்லையே! பழம் வாங்கிட்டு வந்து பாத்திருப்பேன்ல?"

மேஜையே சிரித்தது. மலையும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மூடியை மூடினான். இருபத்திரண்டு வருஷம் மூக்குப் பிடிக்கத் தின்று வாங்கிய பெயர் ஒரு டப்பாவில் போகிறதே என்று இருந்தது. எழுந்துபோய்க் கேன்டீன் அம்மாவிடம் வழக்கமான தட்டை வாங்கினான்: பொரித்த கோழி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஒரு துண்டு கேக். சாப்பிட்டு முடித்தபின் டப்பாவை என்ன செய்வது? கிடங்குக்குப் பின்னால், தண்ணீர் ஓரத்தில் போய்க் கவிழ்த்தான். வெள்ளைப் பறவைகள் ஏழெட்டு வந்து இறங்கின. குழாயடியில் டப்பாவை நன்றாகக் கழுவினான்.

"கழுவிக்கூட கொண்டு வந்துட்டீங்களே!" என்று அன்று சாயங்காலம் அவள் பூரித்துப் போனாள். "எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"பசிச்சுதா?"

"அதெல்லாம் பழகிடும்."

நாளைக்கு ஒழுங்காகச் சாப்பிடலாம் என்றுதான் நினைத்தான். நாளை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. மறுநாள் அடுத்த வாரத்துக்கு. இதெல்லாம் பெரிய சதி ஒன்றும் இல்லை, சோம்பேறித்தனமும் கூச்சமும் கை கோத்துக்கொண்டு நடக்கிற வழக்கமான பாதைதான். மூன்றாவது வாரத்தில் பறவைகள் அவன் வருகிற நேரம் தெரிந்து கிடங்கின் கூரையில் காத்திருக்க ஆரம்பித்தன. அந்தத் துறைமுகத்திலேயே அளவான உணவு, சரியான சத்து என்று ஒழுங்காக வளர்ந்தவை அவைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்ப்பாள். முதல் வாரம் நூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது வாரமும் அதே. மூன்றாவது வாரம் நூற்றுப் பன்னிரண்டரை.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். எடை மெஷினின் பேட்டரியை மாற்றினாள். தொழிற்சாலையிலிருந்து பத்து கிலோ மாவு மூட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, தோளில் தூக்கிக்கொண்டு வந்து, அதை மெஷின் மேல் வைத்துப் பார்த்தாள். பத்து என்றால் பத்து. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"மெஷின் சரியா இருக்குங்க. நான்தான் எங்கயோ தப்பு பண்றேன்."

அவன் மேல் சந்தேகம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சண்டை, இரண்டு நாள் முகம் தூக்கல், அதோடு முடிந்திருக்கும். அவளுக்கு அது தோன்றவே இல்லை. இருபது வருஷமாக அவன் சொன்னதை நம்பி வாழ்ந்தவள். ஆகவே சந்தேகம் போகிற இடம் தெரியாமல் போய் அவள் கையிலேயே உட்கார்ந்துகொண்டது. நோட்டை எடுத்தாள். சோறு நூற்றெண்பதை அடித்து நூற்றறுபது என்று எழுதினாள். நீல மூடிக்கும் வெள்ளை மூடிக்கும்.

அடுத்த வாரம் நூற்று நாற்பது. அதற்கடுத்து நூற்றிருபது. கோழியும் நூற்றைம்பதிலிருந்து நூற்றுக்கு வந்தது. அவன் எடை அசையவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது தொழிற்சாலையில் நடந்ததைச் சொன்னாள், ஏதோ வேடிக்கை மாதிரி.

"இப்பல்லாம் நானும் மெஷின்ல வச்சுத்தான் பாக்கறேன். சூப்பர்வைசர் கேக்கறார், என்ன தராசு அக்கா, உங்களுக்கே மெஷினான்னு. கை முன்ன மாதிரி இல்லீங்க, வயசாயிடுச்சு போலிருக்குன்னு சொன்னேன்."

மலை சோற்றை மென்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. அப்போதும் அந்த நாக்கு அசையவில்லை. சொன்னால் ஒரு நாள் பொய்யையா சொல்ல வேண்டும்? ஐந்து வாரப் பொய்யை அல்லவா? நேற்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் குறைந்திருக்கும் என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனான்.

ஏழாவது வாரம் அவள் தங்கை வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அடுப்படியில் அக்கா டப்பாக்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். எப்போதும் முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற ஏப்ரன் கயிறு, இப்போது இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் வந்து, முடிச்சுப் போட்ட பிறகும் இரண்டு பக்கமும் தொங்கியது.

"மாமா," என்றாள் தங்கை, "டயட் உங்களுக்கா, அக்காவுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்டி. அவருக்கு உடம்பு வாகு அப்படி, லேசுல இறங்காது," என்று அக்காவே பதில் சொன்னாள். "நீ போய் உக்காரு, வந்துடறேன்."

தங்கை உட்காரவில்லை. மாமாவை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் மலை கூனிக் குறுகி, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனான். அவ்வளவு பெரிய உடம்பை அவ்வளவு சின்னதாக மடக்க முடியும் என்று அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூண்டுக்கே போய்விட்டான். மீசையும் வேண்டாம், கேன்டீனும் வேண்டாம், பறவைகளும் எக்கேடோ கெட்டுப் போகட்டும். இன்றைக்குச் சாப்பிட்டே தீருவது. நீல மூடியைத் திறந்தான். சோறு எண்பது கிராம். நேற்றுத்தான் அந்த அளவுக்கு வந்திருந்தது. ஆறு கரண்டியில் எல்லாம் முடிந்துவிட்டது. டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்த கேரட்டை விரலால் வழித்து நக்கினான்.

இரண்டு மணிக்கு வயிறு கூப்பாடு போட்டது. மூன்று மணிக்குக் கை நடுங்கியது. ஒரு பெட்டியை லாரி மேல் இறக்கும்போது ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டான். மீசை ரேடியோவில் கத்தினான். மலை கைப்பிடியை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு நாள். அதுவும் மெத்தை இருக்கையில் உட்கார்ந்த வேலை. அவள் சிமென்ட் தரையில் எட்டு மணி நேரம் நிற்கிறவள். அடுப்பின் அனலில், தட்டு தட்டாக மாவைத் தூக்கிக்கொண்டு, வாரக்கணக்காக இப்படித்தான் நிற்கிறாள். அவன் தின்ற ஒவ்வொரு பொரித்த கோழிக்கும் அவள் தட்டில் கொஞ்சம் சோறு குறைந்திருக்கிறது. வெட்கம் என்றால் முகம் சிவக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். அன்று அது வயிற்றிலிருந்து கிளம்பிக் கண் வரை வந்தது. கூண்டுக்குள் தனியாக இருந்ததால் அழுதான்.

அப்படி அழுதவன் வீட்டுக்குப் போனதும் சொல்லியிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? மலையைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

"அளவைக் கொஞ்சம் கூட்டிப் போடேன்," என்றான்.

"இப்பவே இறங்க மாட்டேங்குது. கூட்டினா?"

"எனக்கு வேணாம். உனக்காவது கூட்டிக்கோ."

"ரெண்டு பேரும்னு சொல்லியாச்சு. இன்னும் மூணு வாரம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்போம்," என்று அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். தைரியம் சொல்லுகிறாளாம். மறுநாள் அவன் மறுபடியும் கேன்டீனில்தான் இருந்தான்.

பரிசோதனை நாளன்று அவள் லீவு போட்டுவிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொன்னான். "பத்து வாரம் சமைச்சவ நான், பாஸா ஃபெயிலான்னு பாக்க வேணாமா?" என்று கூடவே கிளம்பினாள். துறைமுக மருத்துவ அறையில் டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். அதிகம் பேசாதவர். மலையை மெஷினில் ஏறச் சொன்னார். நூற்றுப் பதின்மூன்று.

டாக்டரம்மா படிவத்தில் எழுதப் பேனாவை எடுத்தார். அதற்குள் அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜை மேல் விரித்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம் டாக்டரம்மா. எழுதறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பாத்துடுங்க. இதுல அவர் மேல ஒரு தப்பும் இல்ல. நான் போட்டதைத் தவிர ஒரு வாய் வேற எதுவும் அவர் சாப்பிடல. அளந்தது நான். எங்கயோ என் அளவுதான் தப்பாயிருக்கு. அதுக்காக அவரைக் கீழ இறக்கிடாதீங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் குடுங்க, சரியா அளந்து காட்டறேன்."

மலைக்குத் தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. துறைமுகத் தரை, கப்பல் சரக்கையே தாங்குவது, இவனுக்காகப் பிளக்குமா?

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் படித்தார். முகம் மாறிற்று.

"இந்த அளவு சாப்பிட்டு ஒருத்தர் இறங்கலைன்னா, அது சாப்பாட்டுப் பிரச்சினை இல்லம்மா. உடம்புக்குள்ள வேற ஏதோ இருக்கணும். சுரப்பி, சிறுநீரகம், எல்லாத்தையும் பாத்துடணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

அவள் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது. "வியாதியா? என்ன வியாதி? பெரிசா ஏதாச்சும்..." என்று அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எலும்பு எலும்பாக இருந்தது அந்தப் பிடி.

தப்பிக்க இதைவிட நல்ல கதவு ஒருத்தனுக்குத் திறக்காது. வியாதி என்று ஆகிவிட்டால் யார் என்ன கேட்பார்கள்? மீசைகூட வாயைப் பொத்திக்கொள்வான். மலை அந்தக் கதவைப் பார்த்தான். பார்க்கவில்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

"இந்த வெள்ளை மூடின்னு எழுதிருக்கே, அது நீங்களா?" என்று டாக்டரம்மா அவளைக் கேட்டார். "ஏறி நில்லுங்க."

"எனக்கு எதுக்குங்க?"

"ஏறுங்கம்மா."

ஏறினாள். நாற்பத்தொன்பது.

"முன்னாடி எவ்வளவு?"

"ஐம்பத்தெட்டு," என்று சொல்லிவிட்டு, மெஷின் காட்டிய எண்ணை அப்போதுதான் பார்க்கிறவள் போலக் குனிந்து பார்த்தாள். வாரா வாரம் அவனை எடை பார்த்தவளுக்குத் தன்னைப் பார்க்கத் தோன்றியதே இல்லை. "எனக்கும் அதே வியாதிதானோ?"

"நான் சாப்பிடல," என்றான் மலை.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"டப்பாவை நான் சாப்பிடல. ஒரே ஒரு நாள்தான் சாப்பிட்டேன். மத்த நாள் எல்லாம் கேன்டீன்ல தின்னேன். நீ குடுத்ததைக் கிடங்குக்குப் பின்னாடி பறவைக்குப் போட்டேன்."

அவள் மெஷினிலிருந்து மெதுவாக இறங்கினாள். திட்டப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான். திட்டட்டும், நாலு பேர் முன்னால் அறையட்டும், அதற்கு அவன் தயாராக இருந்தான். அவள் நோட்டின் பக்கம் திரும்பினாள். முதல் பக்கத்தைத் தேடி எடுத்தாள். நூற்றெண்பது என்று எழுதி அடித்திருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அப்போ, என் அளவு சரியாத்தான் இருந்துச்சா?"

கேட்டது அவனை இல்லை, டாக்டரம்மாவை.

"முதல் வாரத்துலேயே சரியா இருந்துச்சும்மா," என்றார் டாக்டரம்மா.

அவள் மூச்சு விட்டாள். பத்து வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சு. கண்ணில் தண்ணீர் நின்றது, உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தொலைந்துபோன பொருள் திரும்பக் கிடைத்த மாதிரி. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் மலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்தக் கையைத்தான் அவளிடமிருந்து அவன் பறித்து வைத்திருந்தான். கோபப்பட்டிருந்தாலும் தாங்கியிருப்பான், இதைத் தாங்க முடியவில்லை.

டாக்டரம்மா படிவத்தில் 'தகுதி இல்லை' என்று எழுதி முத்திரை போட்டார். மலை அதைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்தான்.

வெளியே வந்தார்கள். மதியமாகிவிட்டிருந்தது. கேன்டீன் எங்கே என்று மட்டும் அவள் கேட்டாள். உள்ளே போனதும் கேன்டீன் அம்மா மலையைப் பார்த்துக் கரண்டியைத் தூக்கினாள்.

"வா மலை! வழக்கம்போல ரெண்டு தட்டுதானே?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "அவருக்கு வேணாம். எனக்கு ஒண்ணு குடுங்க," என்றாள் அவள். தட்டை வாங்கிக்கொண்டு ஒரு மேஜையில் உட்கார்ந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான். பொரித்த கோழி, வெண்ணெய் ரொட்டி, ஒரு துண்டு கேக். அவள் அவசரப்படவில்லை. ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். ஒரு தடவை நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சாப்பிட்டாள். பக்கத்து மேஜையில் மீசை வாயைத் திறந்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். தட்டு காலியாயிற்று. அவள் பார்வை மறுபடியும் பரிமாறுகிற இடத்துக்குப் போனது.

மலை அவசரமாக எழுந்தான். "இரு, நான் வாங்கிட்டு வரேன். எவ்வளவு போடச் சொல்லட்டும்?"

"நீங்க உக்காருங்க," என்றாள் அவள், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபடி. "எனக்கு எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியும்."

அவன் உட்கார்ந்தான்.